மேட்சிங் மென்பொருளின் ‘உண்மைப் பாகங்கள்’ பகுதி குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், பம்பு ரிமோட் கருவிகள் தயாரிக்கும் சிறு நிறுவனம்,
பீளமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கூடுதல் கட்டணம் செலுத்தி வாங்கிய பகுதி வேலை செய்யாதது, கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது.

ஐயா,

ஆன்டெனாவை ரேடியோ சர்க்யூட்டோடு பொருத்தும் அமைப்பைக் கணக்கிட்டுத் தரும் உங்கள் மேட்சிங் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டி வருகிறேன். அதற்கு மேல் ‘உண்மைப் பாகங்கள்’ என்ற பகுதிக்கும் தனியாகப் பணம் கட்டினேன். கடையில் கிடைக்கும் காயில், கெப்பாசிட்டர்களின் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, மிகச் சிறந்த சர்க்யூட்டைத் தேர்ந்து தரும் என்று உங்கள் விளம்பரம் சொல்கிறது. அது அப்படிச் செய்வதில்லை.

நாங்கள் செய்வது தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போடவும் நிறுத்தவும் உதவும் லோரா (நெடுந்தூரக் கம்பியில்லாத் தொடர்பு) கருவி. உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. பெட்டிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் ஆன்டெனா சிறியது. 866 மெகாஹெர்ட்ஸில் அதன் இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னுக்கு அது காட்டும் எதிர்ப்பு, 12 மைனஸ் ஜே45 ஓம். இதில் 12 தடை; ஜே சேர்ந்தது ரியாக்டன்ஸ், அதாவது திறனைச் செலவழிக்காமல் தேக்கித் திருப்பும் பகுதி. இதை ரேடியோ பக்கத்தின் 50 ஓமுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

உங்கள் மென்பொருள் முதலிடத்தில் காட்டிய விடை: தொடராக 12.19 நானோஹென்றி காயில், 50 ஓம் பக்கத்தில் தரைக்கு 6.54 பிகோஃபாரட். இம்பிடன்ஸைப் புள்ளியாகக் காட்டும் ஸ்மித் சார்ட்டில் புள்ளி, சரியான பொருத்தத்துக்கு அடையாளமான நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. அறிக்கையில் 99 விழுக்காட்டுக்கு மேல் மின்திறன் ஆன்டெனாவுக்குப் போகிறது என்றிருந்தது. ஆனால் நான் தேர்ந்தெடுத்திருந்தது 0402 என்ற மிகச் சிறிய அளவுள்ள மல்டிலேயர் காயில். அந்த அதிர்வெண்ணில் அதன் கியூ (ரியாக்டன்ஸை உள்தடையால் வகுத்த எண், கூடினால் இழப்பு குறைவு) 25 என்று உங்கள் நூலகமே காட்டுகிறது. காயிலின் ரியாக்டன்ஸ் 66 ஓம். கியூ 25 என்றால் அதன் உள்தடை 2.6 ஓமுக்கு மேல். 12 ஓம் ஆன்டெனாவோடு அது தொடராக நிற்கும்போது திறனில் 18 விழுக்காடு காயிலிலேயே சூடாகிப் போகும். இதற்கு மென்பொருள்கூட வேண்டாம், காகிதமும் பேனாவும் போதும். அதே காயிலின் அளந்த பண்புகள் அடங்கிய எஸ்-பாராமீட்டர் கோப்பை ஓர் இலவச சிமுலேட்டரில் போட்டபோதும் இதே விடைதான் வந்தது.

பாகத்தின் கோப்பைத் திரையில் காட்டிவிட்டு, உள்ளே இழப்பே இல்லாத காயிலை வைத்துத்தான் உங்கள் நிரல் கணக்குப் போடுகிறது என்பதே என் புகார்.

18 விழுக்காடு என்பது 0.9 டெசிபல்கூட இல்லையே என்று உங்கள் ஆதரவுப் பொறியாளர் எழுதினார். வீட்டில் இருப்பதும் கிணற்றில் இருப்பதும் ஒரே போர்டு. இரண்டு முனையையும் சேர்த்தால் 1.7 டெசிபல், திறந்தவெளியிலேயே எட்டும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு போய்விடும். எங்கள் வாடிக்கையாளர்களின் கிணறுகள் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு டெசிபலும் எனக்குக் காசு.

இதைவிட எரிச்சலூட்டியது வரிசைப்படுத்திய விதம். தொடராக 4.3, தரைக்கு 5.1 நானோஹென்றி என இரண்டு காயில் கொண்ட அமைப்பு உங்கள் பட்டியலில் மூன்றாவதாகக் கிடந்தது. அதே கியூ 25 காயில்களோடு அதன் இழப்பு 13 விழுக்காடுதான். ரிட்டர்ன் லாஸும் (அனுப்பிய திறனைவிடத் திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்ற அளவு, கூடினால் நல்லது) 24 டெசிபலுக்கு அருகில் வருகிறது. ஹார்மோனிக்ஸை (அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் வேண்டாத அலைகளை) அடக்க முதல் அமைப்புதான் நல்லது என்று வாதிடலாம். எங்கள் சிப்பின் வெளியீட்டில் அதற்கென்று ஃபில்டர் ஏற்கெனவே இருக்கிறது. ப்ராஜெக்ட் கோப்பிலும் அதைக் குறித்திருந்தேன்.

கடை மதிப்புக்கு மாற்றும் கதை தனி. பாகங்களின் நிலையான மதிப்புகளைக் கொண்ட ஈ24 வரிசையைத் தேர்ந்தெடுத்தால் 12 நானோஹென்றி, 6.8 பிகோஃபாரட் என்று வருகிறது. 6.54-க்குப் பக்கத்தில் இருப்பது 6.8 என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. காயில் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் 6.8-க்கு ரிட்டர்ன் லாஸ் 17.7 டெசிபல், 6.2-க்கு 21 டெசிபலுக்கு மேல். மிக அருகில் உள்ள எண்ணை எடுத்துப் போடுவதற்கா ஆப்டிமைசர் என்று பெயர்?

ஆதரவுப் பிரிவிலிருந்து வந்த முதல் பதில், என் வி.என்.ஏ-வை (ஆன்டெனாவின் பொருத்தத்தை அளக்கும் கருவியை) கேலிபரேஷன் செய்யச் சொன்னது. நான் சொல்வது கணக்குப் பிழை, அளவீட்டைப் பற்றியே அல்ல. அடுத்த பதிலில், ரிட்டர்ன் லாஸ் நன்றாக இருப்பதால் புகாரை முடித்துவிட்டதாக எழுதினார்கள். ரிட்டர்ன் லாஸ் மட்டும் போதுமென்றால் ஆன்டெனா இருக்கும் இடத்தில் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்துவிட்டுப் போயிருப்பேனே. உங்கள் விடை எதையும்விட அது நன்றாகவே அளந்து காட்டும், திறன் முழுவதும் அதிலேயே சூடாகிப் போனாலும்.

செய்து முடித்திருந்த போர்டுகளில் காயிலைக் கழற்றி, கியூ 60 உள்ள வயர்வுண்ட் காயிலைக் கையால் மாற்றிப் போட்டோம். அதில் இழப்பு 8 விழுக்காடாகக் குறைந்தது. கூலியும் காயில் விலையும் என் கையைவிட்டுப் போனவை. அவற்றை உங்களிடம் கேட்கவில்லை.

‘உண்மைப் பாகங்கள்’ பகுதிக்கு வாங்கிய கட்டணத்தை இந்த மாத இறுதிக்குள் திருப்பித் தர வேண்டும். மூடிய புகாரைத் திறந்து, நிரல் எழுதுபவர் ஒருவரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். திருத்தம் வரும்வரை, திறன் விழுக்காடு இழப்பில்லாத பாகங்களுக்கானது என்று அறிக்கையிலேயே அச்சிடுங்கள். இதே பகுதியை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். ப்ராஜெக்ட் கோப்பு, ஆன்டெனாவின் அளவீடுகள் அடங்கிய டச்ஸ்டோன் கோப்பு, சிமுலேட்டர் விடை, உங்கள் ஆதரவுப் பிரிவின் பதில்கள் அனைத்தையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்