கப்பலைப் பார்க்க நீங்களும் வர வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விசாகப்பட்டினம் அழைத்துப் போகிறோம். அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைத்தான் முக்கியமாகப் பார்க்கப்போகிறோம். ஒவ்வொரு பிள்ளையோடும் அப்பாவோ அம்மாவோ ஒருவர் வர வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னதற்கு, "படிப்பு விஷயம், எங்களுக்கு என்ன சார் தெரியும்" என்று பலர் நழுவிவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மே மாதம் என் அப்பாவோடு அங்கே போயிருந்தேன். அவர் கொண்டலாம்பட்டியில் நாற்பது வருடம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். கப்பலின் நீளம் 91 மீட்டர். ஆனால் உள்ளே டவுன் பஸ்ஸில் நடக்கும் இடம்கூடக் கிடையாது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்டமான வாசலில் காலைத் தூக்கிவைத்துக் குனிந்துதான் போக வேண்டும். அதற்குள் சுமார் 75 பேர் நாள்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

எதிரிக் கப்பல்மேல் தண்ணீருக்குள்ளேயே ஏவும் டார்பிடோ, உள்ளே இருந்தபடி தண்ணீருக்கு மேலே பார்க்கும் பெரிஸ்கோப் எல்லாவற்றையும் அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று டீசல் இன்ஜின்கள் இருக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு குழாய் எங்கே போகிறது என்று நுனிவரை பார்த்தார். அப்புறம், "தண்ணிக்குள்ள போறப்ப புகைய எங்கப்பா விடுவாங்க?" என்றார். இருபது வருடமாக இயற்பியல் நடத்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

வழிகாட்டி, ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். நான் இங்கிலீஷில் கேட்டேன். அவரோ என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். ஆழத்தில் டீசல் ஓடாது. மேலே வந்தோ, காற்றுக்குழாயை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டியோ டீசலை ஓட்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள். முங்கிவிட்டால் அந்த பேட்டரியில்தான் மோட்டார் ஓடும். "அப்ப பேட்டரி எறங்கிட்டா மேல வந்துதான் ஆகணும், எதிரி கண்ணுல படணும்" என்றார் அப்பா. பாகிஸ்தானுடன் நடந்த 1971 போரில் இந்தக் கப்பல் அரபிக்கடலில் ரோந்து போனது எனக்கும் தெரியும். அது எப்படிப்பட்ட ரோந்து என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் பள்ளியில் லாரிப் பட்டறைக்கும் தறிக்கும் போகிற பெற்றோர்தான் அதிகம். அந்த இன்ஜின் அறையில் என்னைவிட உங்களால்தான் பிள்ளைக்கு நிறையச் சொல்ல முடியும். கப்பல் 1969இல் கடற்படையில் சேர்ந்தது, 2001இல் ஓய்வு பெற்றது போன்ற வருடக் கணக்குகளை நான் வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

எதிரிலேயே டி.யு.142 என்ற கடற்படை விமானமும் நிற்கிறது, அதையும் பார்த்துவிடலாம்.

பெரிய பை வேண்டாம், வாசலில் மாட்டிக்கொள்ளும். சேலையில் வரும் அம்மாக்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். அப்பா அம்மா இருவருக்குமே லீவு கிடைக்காவிட்டால் தாத்தா வந்தாலும் சரி. பணம் இடித்தால் பிள்ளையிடம் சொல்லி அனுப்பாமல் என்னை நேரில் பாருங்கள். ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்