கமெண்டை ஹைட் பண்றதுக்கு முன்னாடி: கம்யூனிட்டி டீம்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பெனிகள்ல கம்யூனிட்டி, சோஷியல் மீடியா, பிராண்டுன்னு பல பேர்ல இந்த வேலையப் பாத்துட்டு இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நான் உங்க கஸ்டமர். சம்பளம் வாங்காம உங்க சப்போர்ட் வேலைய பாக்குற ஆளும் நான்தான். நான் யூஸ் பண்ற ஒரு சாஃப்ட்வேருக்கு யூசர் குரூப் இருக்கு, அதுல யாராவது ராத்திரி வந்து "அப்டேட் போட்டதுலேர்ந்து ஃபைல் ஓப்பன் ஆக மாட்டேங்குது, காலைல சப்மிட் பண்ணணும்"னு கதறுனா, கம்பெனி ஆளுங்க அந்த நேரத்துல இருக்க மாட்டாங்க, என்ன மாதிரி நாலஞ்சு பேருதான் ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கி, பழைய வெர்ஷன எங்கேர்ந்து எடுக்கணும், எந்த செட்டிங்க ஆஃப் பண்ணணும்னு ஒவ்வொண்ணா சொல்லி அனுப்பி வைப்போம். இதுக்கு யாரும் காசு கேக்கல. புடிச்சிருக்கு, பண்றோம், அவ்ளோதான்.

அதே அப்டேட்ல ஆட்டோசேவ் சில பேருக்கு காலி ஃபைலா சேவ் பண்ணுச்சு. கம்பெனியோட பேஜ்லயே போய் எழுதுனேன், கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்ல, எந்த வெர்ஷன், என்ன ஸ்டெப்ஸ் பண்ணா வருதுன்னு முழுசா. அஞ்சு நிமிஷத்துல ரிப்ளை: "ஹாய்! உங்க ஃபீட்பேக் எங்களுக்கு ரொம்ப முக்கியம், டிஎம் பண்ணுங்க", கூடவே ஒரு ஹார்ட்டு. டிஎம்ல, அதாவது தனி மெசேஜ்ல, அனுப்புனேன், டிக்கெட் நம்பர் வந்துச்சு, அதோட சரி. அப்புறம் ஒரு நாள் லாக் அவுட் பண்ணிட்டு அந்த பேஜ பாத்தா என் கமெண்டையே காணோம். லாக் இன் பண்ணா இருக்கு! ஹைட் பண்ணிருக்காங்க, எழுதுனவனுக்கு மட்டும் தெரியுற மாதிரி. இதுல காமெடி என்னன்னா அதே வாரம் மார்க்கெட்டிங் டீம்லேர்ந்து மெயில், "நீங்க எங்க டாப் கன்ட்ரிபியூட்டர், உங்களுக்கு ஒரு பேட்ஜ் குடுக்குறோம், ரெண்டு வரி டெஸ்டிமோனியல் எழுதிக் குடுங்க"ன்னு.

எனக்கு இதுல கோவத்த விட ஆச்சரியம்தான் ஜாஸ்தி. ஒரே ஆளு உங்க ஒரு ஷீட்ல நெகட்டிவ், இன்னொரு ஷீட்ல அட்வகேட், அதாவது உங்களுக்காக நாலு பேர்கிட்ட பேசுற ஆளு. மெனக்கெட்டு குறை சொல்றவனும், மெனக்கெட்டு அடுத்தவனுக்கு உதவி பண்றவனும் பெரும்பாலும் ஒரே ஆளுதாங்க. அக்கறை இல்லாதவன் கம்ப்ளெய்ன்ட் பண்ண மாட்டான், அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போய்ட்டே இருப்பான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இது புரியுறதில்ல. ரெட்டிட்ங்கிற டிஸ்கஷன் சைட்ட எடுத்துக்கோங்க, அங்க ஒவ்வொரு சப்ரெட்டிட்டையும் (ஒவ்வொரு டாபிக்குக்கும் இருக்குற தனி குரூப்பு) ஸ்பாம் வராம பாத்துக்கிறது சம்பளம் இல்லாத மாடரேட்டர்கள். 2023ல ஏபிஐக்கு, அதாவது வெளி ஆப்புங்க ரெட்டிட்லேர்ந்து டேட்டா எடுக்குற வழிக்கு, ரேட் போட்டாங்க, ரெட்டிட்ட படிக்கிறதுக்குன்னு அப்போலோங்கிற ஆப்ப செஞ்சவரு அந்த ரேட்டுப்படி வருஷத்துக்கு 2 கோடி டாலர் கிட்ட ஆகும்னு சொல்லிட்டு ஜூன் கடைசியில ஆப்பையே மூடிட்டாரு. ஆயிரக்கணக்கான சப்ரெட்டிட்டுங்க கதவ சாத்திப் போராடுனாங்க. இது தானா அடங்கிடும்னு சிஇஓ உள்ளுக்குள்ள ஊழியர்களுக்கு எழுதுனது வெளிய வந்துச்சு. அடங்கவும் செஞ்சுது, அது வேற விஷயம். 2024ல அந்த யூசர்கள் எழுதி வெச்சத ஏஐக்கு ட்ரெயினிங் டேட்டாவா லைசென்ஸ் குடுத்து காசு பாத்தாங்க, ஷேர் மார்க்கெட்டுக்கும் போனாங்க.

அதே 2024ல, புரோகிராமர்கள் கேள்வி-பதில் எழுதுற சைட்டான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அந்த பதில்கள ஏஐக்கு குடுக்க சாட்ஜிபிடி செஞ்ச ஓப்பன்ஏஐயோட டீல் போட்டப்போ, சில பேரு கடுப்புல தாங்க எழுதுன பதில்களையே அழிக்கப் பாத்தாங்க. கம்பெனி அழிச்சத திருப்பி கொண்டு வந்துட்டு, அழிச்சவங்க அக்கவுண்ட சஸ்பெண்ட் பண்ணாங்க. சட்டப்படி தப்பு இல்ல, அங்க எழுதுறது எல்லாமே, எழுதுனவங்க பேர போட்டு மத்தவங்களும் யூஸ் பண்ணலாம்ங்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல போறது, பின்னாடி வர்றவங்களுக்கு அந்த பதில் வேணும்ங்கிறதும் நியாயம்தான். ஆனா இத்தன வருஷம் ஓசியில எழுதிக் குடுத்தவன் கிட்ட முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

ஓசி வேலைன்னு அலட்சியமா இருக்குறவங்களுக்கு ஏஓஎல்ங்கிற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி கதைய ஞாபகப்படுத்துறேன். 90கள்ல அவங்க சாட் ரூம்கள வாலன்டியர்கள வெச்சுதான் ஓட்டுனாங்க, 1999ல அதுல சில பேரு "நாங்க பண்றதும் வேலைதான், கூலி குடு"ன்னு கேஸ் போட்டு, இழுத்துப் பறிச்சு 2010 வாக்குல 1.5 கோடி டாலருக்கு செட்டில் ஆச்சு.

உங்க பக்கமும் கஷ்டம் இருக்கு, தெரியாம இல்ல. பேஜ பாத்துக்கிற பொண்ணோ பையனோ வேலைக்கு சேந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும், நாள் பூரா திட்டு வாங்கணும், பக்கு (சாஃப்ட்வேர்ல இருக்குற கோளாறு) எப்ப சரியாகும்னு அவங்களுக்கே யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. ஆபாசமா பேசுறவன ஹைட் பண்ணுங்க, பிளாக் பண்ணுங்க, நானே ரிப்போர்ட் அடிக்கிறேன். நான் கேக்குறது பக் ரிப்போர்ட்ட ஹைட் பண்ணாதீங்கன்னுதான். அத அங்கயே விட்டுட்டு கீழ "ஆமா, இந்த பிரச்சினை இருக்கு, பாத்துட்டு இருக்கோம், அதுவரைக்கும் அப்டேட் போடாதீங்க"ன்னு எழுதியிருந்தா எத்தன பேரு ஃபைலு தப்பிச்சிருக்கும்!

ஒழுங்கா செய்யவே முடியாதுன்னும் இல்ல. லெகோ பொம்மை கம்பெனியோட லெகோ ஐடியாஸ்ங்கிற சைட்ல யாரு வேணா டிசைன் போடலாம், 10,000 பேரு சப்போர்ட் பண்ணா கம்பெனி உக்காந்து பரிசீலிக்கும், செட்டா வெளிய வந்தா டிசைன் பண்ணவருக்கு நிகர விற்பனையில 1 சதவீதம். கம்மியா தோணலாம், ஆனா என்ன கிடைக்கும்னு முன்கூட்டியே எழுதி வெச்சிருக்காங்க, நம்பி வேலை செய்யலாம்.

எங்களுக்கு பேட்ஜோ டி-ஷர்ட்டோ வேணாம். ரூல், ரேட் எதையாவது மாத்தப் போறீங்கன்னா குரூப்ப நடத்துறவங்க கிட்ட ஒரு மாசம் முன்னாடி டிராஃப்ட காட்டுங்க. கேம் செய்றதுக்கான சாஃப்ட்வேர் குடுக்குற யூனிட்டி கம்பெனி 2023 செப்டம்பர்ல, ஏற்கனவே ரிலீஸ் ஆன கேமுக்கும் சேத்து இன்ஸ்டாலுக்கு இவ்ளோன்னு திடீர்னு சார்ஜ் அறிவிச்சுது, டெவலப்பர்கள் கொதிச்சதும் பத்து நாள்ல மன்னிப்பு கேட்டு தளர்த்துனாங்க, அடுத்த மாசம் சிஇஓ போனாரு, அடுத்த வருஷம் அந்த சார்ஜே போச்சு. அந்த பத்து நாள்ல டெவலப்பர்கள் சொன்னதையெல்லாம் முன்னாடியே கேட்டிருந்தா செலவு ஒரு மீட்டிங்தான்.

எங்க போஸ்ட எடுத்து விளம்பரத்துல போடணும்னாலும், ஏஐக்கு குடுக்கணும்னாலும் முதல்ல கேளுங்க, வேணாம்னு சொல்றவங்கள விட்டுடுங்க. இதுக்கு பதில் எழுதுறதா இருந்தா எல்லாரும் பாக்குற மாதிரி இங்கயே எழுதுங்க, தயவு செஞ்சு டிஎம்முக்கு கூப்பிடாதீங்க.

இப்படிக்கு,
உங்க டாப் கன்ட்ரிபியூட்டர்