எரிச்சல் ஸ்கல்லியின் மீதா?

அன்புள்ள மகளுக்கு,

'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து பார்த்து வருவதாகவும், இரண்டாம் சீசனுக்குள்ளேயே அதன் நாயகி ஸ்கல்லியின் மீது எரிச்சல் வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். கண்ணெதிரே இத்தனை அமானுஷ்யம் நடந்த பிறகும் நம்ப மறுப்பவளை எப்படி அறிவாளி என்று ஏற்பது என்றும் கேட்டிருக்கிறாய். உன் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது சேர வேண்டிய இடம் ஸ்கல்லி அல்ல, அவளை எழுதியவர்கள்.

1993 செப்டம்பரில் கிறிஸ் கார்ட்டர் இத்தொடரைத் தொடங்கியபோது செய்த பெரிய காரியம், அமானுஷ்யக் கதையை ஒரு வழக்காகச் சொன்னதுதான். மூன்றாவது எபிசோடான 'ஸ்க்வீஸ்' உனக்கு நினைவிருக்கும். உள்ளே நுழைய வழியே இல்லாத அலுவலக அறையில் ஒருவர் கொல்லப்பட்டு, ஈரல் வெறுங்கையால் பிய்த்தெடுக்கப்பட்டிருக்கிறது. அமானுஷ்யத்தை நம்பும் நாயகன் மல்டர், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி; அவன் தேடுவது ஆவியை அல்ல, கைரேகையை. காற்றுக்குழாயின் மூடியில் கிடைக்கும் அந்த ரேகை மனித விரலுக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கிறது, பழைய கோப்புகளைப் புரட்டினால் முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே வகைக் கொலைகள் நடந்திருக்கின்றன. பிடிபட்டவனைப் பொய் கண்டறியும் கருவியின் முன் உட்கார வைக்கும்போது, உனக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறதா என்ற கேள்வியையும் மல்டர் சேர்த்துவிடுகிறான். கொலையைப் பற்றிய கேள்விகளில் தேறிவிடும் அவன், இதுபோன்ற கேள்விகளில்தான் மாட்டுகிறான். கோப்பு, ரேகை, விசாரணை என்று எல்லாம் நமக்குப் பழகிய காவல்துறை நடைமுறையாகவே நகர்வதால்தான், நடுவில் வரும் நம்ப முடியாத ஒன்றையும் மறுக்காமல் விழுங்கிவிடுகிறோம். நீ சிறுமியாக இருந்தபோது கதவிடுக்கில் நின்று அந்த எபிசோடை ஒளிந்து பார்த்துவிட்டு, குளியலறையின் காற்றுத்துளையை அடைத்தால்தான் உள்ளே போவேன் என்று அடம்பிடித்ததும், நான் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அதில் திணித்ததும் உனக்கு மறந்திருக்கலாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஸ்கல்லி ஒரு மருத்துவர். மல்டரின் வேலையை அறிவியல் கண்ணோடு எடைபோட்டுச் சொல்ல எஃப்.பி.ஐ. அனுப்பியவள். அவள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் விடை மல்டரின் பக்கம்தான் விழ வேண்டும் என்று கதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவதால், எத்தனை கவனமாகப் பிரேதப் பரிசோதனை செய்தாலும் அவளே தோற்கிறாள். அது போதாதென்று, அடுத்த வாரம் எதுவுமே நடக்காதது போல முதல் நாளின் சந்தேகத்தோடு அவளை மறுபடி கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். உண்மையான அறிவியல்காரி பத்தாவது வழக்கிலாவது தன் முறையை மாற்றியிருப்பாள். மாற அவளை விடவில்லை என்பதுதான் இத்தொடரின் ஆகப் பெரிய குறை என்பேன்.

அந்தக் குறை இல்லாத எபிசோட் ஒன்றை நீ ஏற்கெனவே கடந்து வந்துவிட்டாய், முதல் சீசனின் 'பியாண்ட் த சீ'. சோஃபாவில் தூங்கி விழிக்கும் ஸ்கல்லியின் எதிரே அவளுடைய தந்தை உட்கார்ந்திருக்கிறார். உதடுகள் அசைகின்றன, குரல் வரவில்லை. அப்போது தொலைபேசி ஒலிக்கிறது, அவர் இறந்துவிட்டார் என்று அம்மா சொல்கிறாள். பிறகு, இறந்தவர்களோடு பேச முடியும் என்று சொல்லும் மரண தண்டனைக் கைதி ஒருவன் வருகிறான். இம்முறை சந்தேகப்படுவது மல்டர், நம்பத் துடிப்பது அவள். தன் தண்டனை நிறைவேறும்போது சாட்சியாக வந்தால் தந்தையின் செய்தியைச் சொல்வதாகக் கைதி ஆசை காட்டியும் அவள் போகவில்லை. அவர் என் அப்பா, என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் மல்டரிடம் சொல்கிறாள். அங்கே அவளுடைய மறுப்புக்கு ஒரு விலை இருக்கிறது. எழுத்தாளர்கள் அவளை நம்பி எழுதியபோது எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வேற்றுக்கிரகவாசிகளையும் அரசின் சதியையும் சுற்றி வரும் நெடுங்கதையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. இரண்டாம் சீசனில் ஸ்கல்லி கடத்தப்பட்டதற்குக் காரணம், நடிகை கில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமாக இருந்ததால் அவரைச் சில நாள் திரையிலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்ததுதான். அவசரத்துக்குப் போட்ட அந்த ஒட்டு பிறகு கதையின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது, அதுவரை அழகாகவே செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு விடையும் இன்னொரு கேள்வியாக மாறி, 1973-இல் காணாமல் போன மல்டரின் தங்கைக்கு என்ன ஆனது என்பதை 2000-ஆம் ஆண்டில் ஒருவழியாகச் சொன்னபோது, கேட்கும் பொறுமை எனக்குத் தீர்ந்திருந்தது.

ஆகவே சதிக்கதை எபிசோடுகளில் கண்ணை ஓட்டிவிட்டு, தனி வழக்குகளில் நிதானமாக உட்கார். மூன்றாம் சீசனில் 'க்ளைட் ப்ரக்மன்ஸ் ஃபைனல் ரிபோஸ்' வரும்; பிறர் எப்படிச் சாவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிற ஒரு காப்பீட்டு முகவரின் கதை. எழுதிய டேரின் மோர்கனுக்கும் நடித்த பீட்டர் பாய்லுக்கும் எம்மி விருது வாங்கித் தந்தது அது. நான்காம் சீசனின் 'ஹோம்' எபிசோடைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதே. மூன்றாம் சீசனுக்குப் போகும் முன் 'பியாண்ட் த சீ'யை மட்டும் இன்னொரு முறை போட்டு, அந்தத் தந்தையின் உதடுகள் அசையும் இடத்தைக் கவனி. பார்த்துவிட்டு ஸ்கல்லியின் மீது இன்னும் எரிச்சல் மிச்சமிருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா