விடுதிப் படங்கள் ஏன் வரவில்லை என்றால்

பாளையங்கோட்டை
கார்த்திகை 12

அன்புள்ள மாப்ளே,

பொங்கல் கழிந்து நாம் எல்லாரும் கூடும்போது திரையில் ஓட்ட 1994 விடுதிப் படங்களை அனுப்பச் சொல்லி நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். நானும் "நாளைக்கு", "நாளைக்கு" என்று இழுத்துக்கொண்டிருந்தேன். சோம்பல் இல்லையடா. படங்கள் என் கையில் இல்லை. அவை இருந்த நாஸ் பெட்டி, அதாவது வீட்டுக் கோப்புகளையெல்லாம் வட்டுகளில் சேர்த்து வைக்கும் பெட்டி, ஐப்பசி மழையில் படுத்துவிட்டது. உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று இடி இடித்து, கரண்ட் போய், வந்து, மறுபடி போனது. பெட்டிக்கு யுபிஎஸ் வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். மின்சாரம் வந்ததும் பெட்டி எழுந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை என்றது. 'வட்டுகளைப் புதிதாக அமைக்கவா?' என்று ஒரு பொத்தானைக் காட்டியது. பக்கத்தில் இருந்த அக்கா மகன் அதை அமுக்கப் போனான். அவன் கையைத் தட்டிவிட்டதுதான் இந்தக் கதை முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

உள்ளே 4 டிபி வட்டுகள் நாலு, ரெய்டு 5 முறையில், அதாவது நாலையும் ஒரே வட்டு போலச் சேர்த்து. ரெய்டு என்றதும் வருமானவரிக்காரர்களை நினைக்காதே. 1988-இல் அமெரிக்காவின் பர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்று மூன்று பேர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் RAID என்று எழுதும் அதில் ஐ (I) என்ற எழுத்து 'மலிவான' என்பதைக் குறித்ததாம். நாலு வட்டு வாங்கின எனக்கு அந்த மலிவு கண்ணில் படவில்லை. நம் மெஸ் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? மூன்று பேர் ஆளுக்கொரு தொகை போடுகிறார்கள், நாலாவது ஆள் கூட்டுத்தொகையைக் குறித்து வைக்கிறான். எவனாவது ஒருவன் கம்பி நீட்டினாலும் மீதி மூன்று பேரை வைத்து அவன் போட்டதைச் சொல்லிவிடலாம். இரண்டு பேர் நீட்டினால் போச்சு. ரெய்டு 5 ஏறக்குறைய அதுதான்.

கடையில் கேட்டேன். "பெட்டியை ஃபார்மட் பண்ணிடலாம் சார், புதுசாட்டம் ஓடும்" என்றார் ஒருவர். தரவு மீட்கும் இடத்தில் 70,000 ரூபாய் சொன்னார்கள். வட்டு 'டிக் டிக்' என்று தட்டியிருந்தால் கடன் வாங்கியாவது அங்கேதான் கொடுத்திருப்பேன். உள்ளே முள் தட்டும் வட்டை வீட்டில் ஓட்டுவது தற்கொலை. என்னுடையது தட்டவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

வட்டுகளில் பிளாஸ்திரி ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதிக் கழற்றினேன். பழைய கணினியை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் இருந்த பென்டிரைவில் எழுப்பி, ரெய்டு வட்டுகளைக் கையாளும் எம்டிஆடம் என்ற கருவியால் ஒவ்வொன்றின் தலையெழுத்தையும், அதாவது கூட்டத்தில் அது எத்தனையாவது, கடைசியாக எப்போது மாறியது என்று வட்டிலேயே இருக்கும் குறிப்பையும் படித்தேன். எழுதவில்லை, படித்தேன். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே லினக்ஸ்தான், அதனால் இது நடக்கும். 1, 2, 4 மூன்றும் கடைசியாக மாறியது இடி விழுந்த அன்று. 3 மட்டும் ஆகஸ்ட் 2 என்றது.

ஆகஸ்ட்டா? அப்போதுதான் உறைத்தது. ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி பெட்டி 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே இருந்தது. தூக்கம் கெடுகிறது என்று வீட்டில் சண்டை. நான் எழுந்துபோய் அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டு வந்து படுத்தேன். ஏன் கத்துகிறது என்று பார்க்கவில்லை. மூன்றாம் வட்டு அன்றைக்கே கூட்டத்தை விட்டுப் போயிருக்கிறது. மூன்று மாதமாக மூன்று கால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இடி விழுந்த அன்று இரண்டாம் வட்டிலும் படிக்க முடியாத இடங்கள் வந்துவிட்டன. மூன்றாம் வட்டை வற்புறுத்திச் சேர்த்தால் பழைய கணக்கும் புதுக் கணக்கும் குழம்பும். ஆகவே இரண்டாம் வட்டைத்தான் தேற்ற வேண்டும். புதிதாக ஒரு 4 டிபி வட்டு வாங்கி, பழுதான வட்டைப் படிக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் அதில் நகலெடுத்தேன். அருமையான கருவி மாப்ளே! நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்கிறது, முரண்டு பிடிப்பதைத் தாண்டிப்போய், பிறகு நிதானமாகத் திரும்பி வருகிறது. எதுவரை படித்தோம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். நம்ம ஊருக்கென்றே செய்தது போல. போகத்தான் செய்தது, இரண்டு தடவை. பெரும்பகுதி ஒரு ராத்திரியில் முடிந்தது, மிச்சத்துக்கு ஒன்றரை நாள். கடைசியில் தேறாதது 88 கேபி.

பிறகு 1, நகல், 4 மூன்றையும் சேர்த்து, படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்தேன். சேர்க்கும்போது 'அசெம்பிள்' என்றுதான் சொல்ல வேண்டும். 'கிரியேட்' என்றால் தலையெழுத்தையே மாற்றி எழுதிவிடும். அடித்ததை நாலு தடவை படித்துப் பார்த்துத்தான் என்டரைத் தட்டினேன். கோப்புறைகள் வரிசையாக வந்தன. அப்பாவின் பத்திர நகல்கள், பாப்பாவின் முதல் வருஷப் படங்கள், நம் விடுதி. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

இப்போது யுபிஎஸ் வாங்கியாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் மதுரையில் அக்கா வீட்டுப் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நாலு வட்டு இருந்தால் நாலு நகல் இருப்பதாக நினைத்திருந்தேனே, எவ்வளவு பெரிய மடையன்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெய் கேட்டதா? தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

படங்கள் அடங்கிய பென்டிரைவை நாளைக் கூரியரில் அனுப்புகிறேன். இந்த 'நாளை' நிஜம். 212 படங்களில் 211 முழுசாக இருக்கின்றன. அந்த 88 கேபி விழுந்தது, ஆண்டுவிழாவில் நீ மேடையேறின படத்தில். முகம், மைக், பின்னால் தோரணம் எல்லாம் தெளிவாக இருக்கிறது, இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அன்று நீ வேட்டி கட்டியிருந்தாயா, இல்லை அவிழ்ந்ததற்கு அப்புறமா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது.

உன்
பழைய அறைத்தோழன்