அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போக: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் தேவிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தேவி,

அம்மாவைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப் போய், கொள்ளுத்தாத்தா கிளம்பி வந்த ஊரைக் காட்ட வேண்டும், ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று எழுதியிருந்தாய். மிஞ்சினால் சேர்க்கலாம் என்று இருந்தால் எந்தக் காலத்திலும் மிஞ்சாதம்மா. சம்பளம் விழுந்த அன்றே எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்கும் முன்னால், எந்த ஊர் என்று கண்டுபிடி. 'என்றைக்காவது இந்தியா' என்று பொதுவாகச் சேர்க்கும் பணம் கார் ரிப்பேருக்கும் கல்யாண மொய்க்கும் போய்விடும். ஊர் பெயரும் மாதமும் முடிவானால் அதில் கைவைக்க மனம் வராது.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் இருக்கும். வீட்டில் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் கிடந்தால் எடுத்துப் பார். பலவற்றில் அந்த எண்ணையும் எழுதியிருப்பார்கள். எண்ணோடு போனால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் தேடுவது சுலபம். வெறும் 'முனிசாமி' என்று போனால் நூறு முனிசாமி வருவார்கள். இன்னொன்றும் கவனி. பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தால் அந்த ஊர் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். ஆந்திராவின் சித்தூர்ப் பக்கமாகவும் இருக்கலாம். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் என்பதால், வாய்விட்டுப் படித்துப் பார்த்து, ஒலிக்குப் பொருந்தும் ஊர்களை எல்லாம் குறித்துக்கொள்.

இனி கணக்கு. கீழே உள்ள விமானக் கட்டணமும் செலவும் உதாரணத்துக்குத்தான், நீ விசாரித்து உன் தொகையைப் போட்டுக்கொள். இரண்டு பேருக்கு டிக்கெட் 36,000 ரேண்ட். தங்க, சாப்பிட, கார் பிடிக்க 15,000. பாஸ்போர்ட் ஆளுக்கு 600 வீதம் 1,200. காப்பீடு, ஊசி, விசா வகையில் 2,800. அவசரத்துக்கு 5,000. மொத்தம் 60,000 ரேண்ட். இருபது மாதம் வைத்துக்கொண்டால், மாதம் 2,250 போட்டு 45,000 சேரும். ஒரு தடவை போனஸாக வரும் பதின்மூன்றாவது சம்பளத்திலிருந்து 15,000 போட்டால் முடிந்தது. வட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதே. ரேண்ட் சரிந்து டிக்கெட் விலை ஏறினால் அதுதான் தாங்கும்.

முதல் மாதமே 2,250 முடியாது என்றால் 500இல் தொடங்கு, தப்பில்லை. விட்டதைப் பின்னால் வரும் மாதங்களில் ஈடுகட்டிவிடு. கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் டெபிட் ஆர்டரைச் சம்பளம் விழும் நாளிலேயே வை. ஒரு நாள் முந்தினாலும் பணமில்லாமல் திரும்பும், வங்கி அதற்கும் கட்டணம் பிடிக்கும். நினைத்தவுடன் எடுக்க முடியும் கணக்கில் போடாதே, போனில் இரண்டு தட்டு தட்டினால் காலியாகிவிடும். பணம் எடுக்க 32 நாள் முன்பே சொல்ல வேண்டிய முன்னறிவிப்புக் கணக்கு இதற்கு நல்லது. மார்ச் கடைசியில் டிக்கெட் வாங்குவதாக இருந்தால் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே அறிவிப்புக் கொடுத்துவிடு.

வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அதில் வாழ்நாள் முழுவதும் 5,00,000 ரேண்ட்தான் போடலாம், பணத்தை எடுத்துவிட்டாலும் அந்த அளவு வரம்பு திரும்பக் கிடைக்காது. 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 23,800 ரேண்ட் வரை வட்டிக்கு எப்படியும் வரி கிடையாது. உன் 60,000க்கு அவ்வளவு வட்டி வரப்போவதில்லை.

ஓய்வூதிய நிதியில் 2024 செப்டம்பர் முதல் வந்த 'டூ-பாட்' முறையில், ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் பணத்தை மட்டும் பயணத்துக்குத் தொடாதே, தேவி. எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரியாகும், நிர்வாகக் கட்டணமும் போகும், பழைய வரிப் பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். கைக்கு வருவது குறைவு. வயதான பின் இழப்பது அதைவிட அதிகம்.

தெருவில் நடக்கும் ஸ்டாக்வெல் சீட்டில் சேரலாம். பத்துப் பேர், ஆளுக்கு 1,500 என்றால் உன் முறையில் 15,000 மொத்தமாக வரும். வட்டி இல்லாவிட்டாலும், நான்கு பேர் முகம் பார்க்க வேண்டும் என்பதால் தவறாமல் கட்டுவாய். முதலில் எடுத்தவர் கட்டாமல் நின்றுவிடுவதுதான் இதில் வழக்கமான வில்லங்கம். முறை வரிசையை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், வங்கியில் ஒருவர் பெயரில் மட்டும் கணக்கு வைக்காதீர்கள். டிசம்பர் முறைக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். உனக்கு டிக்கெட் வாங்கும் மாதம் கிடைத்தால் போதும். சீட்டில் சேர்ந்தால், அந்த 1,500ஐ மாதாந்திர 2,250க்குள்ளேயே அடக்கிக்கொள்.

டிக்கெட்டில் ஒரு எச்சரிக்கை. நைரோபி, அடிஸ் அபாபா வழி மலிவாகத் தெரியும். கென்யாவும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அவ்வழியே வருபவர்களிடம் இந்தியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை அங்குள்ள சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்க விளைவு அபாயம் கூடுதல். அம்மாவை நினைத்து, டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்குப் போவதற்கே கணக்குப் போடு. பள்ளி விடுமுறையான டிசம்பரில் கட்டணம் ஏறும். ஜனவரி பாதிக்கு மேல் போனால் வெயிலும் அம்மாவுக்குத் தாங்கும்.

காப்பீடு எடுக்கும்போது அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் எழுதிக் கொடு. மறைத்தால் ஆஸ்பத்திரிச் செலவைத் தர மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கமும், போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாத ஆயுளும் இருக்க வேண்டும்.  அங்கே கார்டு மெஷின் 'ரேண்டிலா, ரூபாயிலா' என்று கேட்டால் ரூபாய் என்றே சொல், ரேண்டில் போட்டால் மாற்று விலையில் இழப்பாய். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். வேலூர்ப் பக்கம் என்றால் காட்பாடியில் இறங்கு. அங்கிருந்து ஒரு நாள் கார் பிடித்து, முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார். பழைய ஊர்ப் பெயரெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கொள்ளுத்தாத்தாவின் எண் கிடைத்ததும் எழுது. ஜில்லாப் பெயரை இன்றைய மாவட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா