என்னையும் உள்ளே கூப்பிடுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

பயாப்சி ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர், "அம்மா, கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே இருந்தார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவர், நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "சாதாரணக் கட்டிதானாம், மருந்துலயே சரியாயிடுமாம்" என்றார். இருபத்திரண்டு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். முகம் கழுவிக்கொண்டு வந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நோயின் பெயர் மட்டும்தான் தெரிந்தது. மிச்சத்தை என் பயம் எழுதிக்கொண்டது. மூன்று வாரம் நான் சாவுக்குத் தயாரானேன். எந்த நகை அடகில் இருக்கிறது, சீட்டுப் பணம் யாரிடம் வரவேண்டும், சாம்பார்ப் பொடிக்கு மல்லி எவ்வளவு மிளகாய் எவ்வளவு என்று மகளுக்காக ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். எனக்கு இருந்தது இரண்டாம் நிலை மார்பகப் புற்றுநோய், குணப்படுத்திவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வைத்தியத்தையே தொடங்குகிறார்கள் என்பது ஆபரேஷனுக்கு முந்தைய நாள்தான் எனக்குத் தெரியவந்தது. முதல் நாளே அந்த அறையில் என் முகத்தைப் பார்த்து யாராவது அதைச் சொல்லியிருந்தால், அந்த நோட்டை நான் எழுதியிருக்க மாட்டேன்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சியது என் வீட்டுக்காரர்தான். அது எனக்குத் தெரியும். தினமும் எத்தனை குடும்பங்கள் உங்களிடம் அப்படிக் கெஞ்சும் என்பதையும் வார்டில் பார்த்தேன். அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் மருந்து ஏறப்போவது என் நரம்பில்தானே, டாக்டர்?

முதல் கீமோ முடிந்த அன்றிரவே மன்னை எக்ஸ்பிரஸில் ஊருக்குத் திரும்பினோம். நடுராத்திரி கழிவறைக்குப் போனேன். சிறுநீர் சிவப்பாக இறங்கியது. ரத்தம் என்றே நினைத்தேன். அவரை எழுப்ப மனம் வராமல், மன்னார்குடி வரும்வரை ஜன்னலில் தலைசாய்த்து உட்கார்ந்திருந்தேன். அது ரத்தம் இல்லை, அட்ரியாமைசின் மருந்தின் நிறம், ஓரிரு நாள் அப்படித்தான் போகும் என்பதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த முறை அதைச் சொன்னவர் கீமோ வார்டு சிஸ்டர். மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் எட்டுக் கட்டம் போட்டார். ஒரு கட்டத்துக்கு இருபத்தொரு நாள். "முதல் நாலஞ்சு நாள் குமட்டும், படுத்தே கிடப்பீங்க. ஏழாம் நாள்லேருந்து ரெண்டாவது வாரம் முடியறவரைக்கும் வெள்ளை அணு குறையும். கூட்டத்துக்குப் போகாதீங்க. காய்ச்சல் 100.4 ஆச்சுன்னா ராத்திரி பகல் பார்க்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். மூணாவது வாரம் உங்களுக்கே தெம்பு வந்துடும். அந்த வாரம் உங்களோடதும்மா" என்றார்.

அந்தக் காகிதத்தைத் தினத்தாள் காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன். "தைரியமா இருங்க" என்று நூறு பேர் சொல்லியிருப்பார்கள். வராத தைரியம் அந்த எட்டுக் கட்டத்தைப் பார்த்ததும் வந்தது. மூன்றாவது வாரங்களில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் எடுத்தேன். விரால் மீன் குழம்பு வைத்து, ருசி தெரிகிறதா என்று பார்த்தேன். நம்பிக்கை என்று ஒன்று எனக்கு இருந்ததென்றால் அது மூன்றாவது வாரத்தில்தான் இருந்தது. கட்டத்தைப் பேனாவால் அடிக்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள்.

புற்றுநோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்றிதழைக் காட்டினால் ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுக் கட்டணமும், கூட வருபவருக்கு முக்காலும் தள்ளுபடி என்பதை நான்காவது கீமோவின்போது பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கையில் காசு கரைவதைப் பார்த்தே வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட நினைப்பவர்கள் அந்த வார்டில் இருந்தார்கள். அவர்களுக்கு இதுவும் மருந்துதான்.

நல்ல செய்தி உள்ளவளிடம் சொல்வது எளிது, மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். என் பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு எலும்பு வரை பரவியிருந்தது. ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், "பேரனுக்குக் காதுகுத்து தையில வெச்சிருக்கோம். நான் இருப்பேனாய்யா?" என்று கேட்டார். டாக்டர் ஃபைலை மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தை வரைக்கும் காத்திருக்க வேணாம்மா. ஐப்பசியிலயே வெச்சுடுங்க. அதுவரைக்கும் வலியில்லாம நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த அம்மா அழுதார். அழுது முடித்ததும் மகனுக்குப் போன் போட்டு, பந்தல்காரனிடம் பேசச் சொன்னார். ஐப்பசியில் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேரனைப் பார்த்தார். போட்டோவை எனக்கும் அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னதால் அவருடைய நம்பிக்கை செத்துவிடவில்லை. அதற்கு ஒரு தேதி கிடைத்தது.

1954இல் அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள். மறு வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த நோயாளிகளோடேயே வாழ்ந்தார். அன்று அவர்கள் கையில் இருந்த மருந்துகள் மிகக் குறைவு. இன்று எங்களிடம் சொல்வதற்கு உங்களிடம் எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் கதவுக்கு உள்ளே, வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லி அனுப்புகிறீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

உங்கள் ஓ.பி. கூட்டம் எனக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கும் சாப்பிடாமல் நோயாளி பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டாம். அந்த எட்டுக் கட்டத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். சிகிச்சை முடித்த எங்களைக் கூப்பிடுங்கள், வார்டில் உட்கார்ந்து நாங்கள் விளக்குகிறோம். முடி மறுபடி வளரும் என்பதை என் தலையைக் காட்டியே சொல்வேன். ஆனால் முதல் பேச்சு மட்டும் உங்கள் வாயால் வரட்டும்.

அடுத்த மாதம் எனக்கு செக்கப். வழக்கம்போல அந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்தில் யாராவது ஒரு அம்மா ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டுக்காரரைக் கூப்பிடும்போது அவரையும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து ஓர் ஆசிரியை