துகளைக் கொட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். சிலிக்கான் கார்பைடு என்னும் மிகக் கடினமான துகள் கலந்த அலுமினியத்தில் பம்ப் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) ஊற்றினால் தேயவே தேயாது என்று நம் கோவை பவுண்டரி வட்டாரத்தில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள், அதில் பாதிதான் உண்மை. நூற்றுக்கு 20 பங்கு துகள் சேர்த்தால் விறைப்பு 70 கிகாபாஸ்கலிலிருந்து ஏறக்குறைய 100-க்குப் போகும், கடினமும் கூடும், சரி. ஆனால் இழுத்தால் நீளும் தன்மை குறைந்து, அடி பட்டால் சட்டென்று விரிசல் விடும், இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

உருகிய அலுமினியம் துகளோடு லேசில் ஒட்டாது. துகளை முன்பே சூடாக்கி, கொஞ்சம் மக்னீசியம் சேர்த்து, கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்குவதை நிறுத்தினால் துகள் மூசையின் (உருக்கும் பாத்திரத்தின்) அடியில் போய் உட்கார்ந்துவிடும், வேகமாகக் கலக்கினாலோ காற்று புகுந்து வார்ப்பெல்லாம் பொத்தல். அப்புறம் சூடு எல்லை மீறினால் அலுமினியம் கார்பைடு உண்டாகும். அது தண்ணீர் பட்டால் சிதையும், பம்புக்கு இதைவிட ஆபத்து வேறென்ன? சிலிக்கான் அதிகமுள்ள அலாய் எடுத்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். வார்ப்பை லேத்தில் கடையும்போது சாதாரண இன்செர்ட் (வெட்டும் முனை) சீக்கிரமே மழுங்கும், வைர டூல் வேண்டும், கூலிக்குக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் ரேட்டுக்கு அது எங்கே கட்டுபடியாகும்!

கோவை கொடிசியா தொழில் கண்காட்சியில் மாதிரி காட்டுபவர்களிடம் கடினத்தை மட்டும் கேட்காமல், எவ்வளவு நீளும் என்று காட்டும் இழுவிசைச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள்.

– ஒரு பவுண்டரிக்காரர், கணபதி, கோவை